ஞாயிறு வெட்டு, தசமபாகம், வெட்டுக்கூலி: ரப்பர் விளையில் விசுவாசத்தை எப்படி நடத்துவது?

களியல்காரன் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். குமரி மாவட்டம் களியல் பக்கம் மூன்று ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்), வெட்டுகிற, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற மரம் 600. அப்பா பார்த்து வந்ததை இனி நானும் மனைவியும் பார்க்கப் போகிறோம். இரண்டு பகுதியாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு. வெட்டுக்காரர் ஒரே ஆள், நாளைக்கு 300 மரம், மரக் கணக்கில் கூலி. பாலை உறைய வைத்து உருளையில் அழுத்தி ஷீட் அடிப்பது வீட்டில். ஞாயிறும் வெட்டு உண்டு. நாங்கள் ஆலயத்தில் இருக்கிற நேரத்தில் அவர் விளையில் பால் எடுத்துக்கொண்டிருப்பார்.

இதை அப்படியே தொடர மனசு ஒப்பவில்லை. விசுவாசத்துக்கு ஆராதனையில் மட்டும்தான் இடமா, விளையிலும் கூலியிலும் தராசிலும் அதற்கு வேலை இல்லையா என்று இருவருக்கும் கேள்வி. ஆனால் நடைமுறை தெரிய வேண்டும். ஞாயிறு வெட்டை நிறுத்தினால் வருமானம் எவ்வளவு குறையும்? வெட்டுக்காரர் இந்து; நம்முடைய ஓய்வுநாளை அவர்மேல் திணிப்பது சரியா? தசமபாகத்தை, அதாவது ஆலயத்துக்குக் கொடுக்கிற பத்தில் ஒரு பங்கை, விற்ற மொத்தத்தில் எடுப்பதா, செலவு போக எடுப்பதா? காலையில் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிற வீட்டில் குடும்ப ஜெபத்தை எப்போது வைப்பது? வசனத்தோடு கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாறசாலை விளை எழுதியது:

தம்பி, ஞாயிறிலிருந்து தொடங்குங்கள். அது ஒழுங்கானால் மற்றதில் பாதி தானாக ஒழுங்காகும்.

ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது, காரணம் இரண்டிலும் ஒன்றல்ல. யாத்திராகமம் 20இல் காரணம் படைப்பு. உபாகமம் 5இல் காரணம் எகிப்து: நீயே அடிமையாக இருந்தவன், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். உன் வாசல்களில் இருக்கிற அந்நியனும் இரண்டு பட்டியலிலும் இருக்கிறான். ஆகவே வெட்டுக்காரர் வேறு மதத்தவர் என்பதால் அவர் கட்டளைக்கு வெளியே போய்விடுவதில்லை, அவரைப் போன்றவர்களையும் நினைத்துத்தான் அது சொல்லப்பட்டிருக்கிறது. ஆராதனைக்கு வா என்று கட்டாயப்படுத்தினால் அது திணிப்பு. இன்று வேலை இல்லை, கூலியும் குறையாது என்று சொன்னால் அது திணிப்பு ஆகாது. அந்த நாளை அவர் கோயிலுக்குப் போகவோ தூங்கவோ எடுத்துக்கொள்ளட்டும்.

நம்முடைய மண்ணில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதியாரிடம் சர்க்கார் கூலியில்லாமல் ஊழியம் வாங்கியது. மயிலாடியில் 1806இல் லண்டன் மிஷன் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து வேலை தொடங்கினார். கர்னல் மன்றோ ரெசிடென்ட்டாக (ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியாக) இருந்த 1810–1819 காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் தன் உடம்பு தனக்கு என்று அந்த ஜனங்கள் அறிந்தது ஞாயிற்றுக்கிழமையால்தான். அந்த வழியில் வந்த சபைகளில் உட்கார்ந்திருக்கிற நாம், இன்னொருவருடைய ஞாயிறை எடுத்துக்கொள்வது எனக்குச் சிறிதும் ஏற்புடையதல்ல.

இனி கணக்கு. ஏழு நாளும் வெட்டினால் ஒரு மரத்துக்கு வருஷத்தில் 182 வெட்டு. திங்கள், புதன், வெள்ளி ஒரு பகுதி. செவ்வாய், வியாழன், சனி அடுத்த பகுதி. ஞாயிறு ஓய்வு என்று வைத்தால் 156 வெட்டு. மழை, இலையுதிர்வு இரண்டுக்கும் கழிப்பதற்கு முன்னால் உள்ள கணக்கு இது. இது யாரோ பக்திக்காகக் கண்டுபிடித்த முறை அல்ல. தோட்டத்துறையில் வாரம் ஆறு நாள் வெட்டு என்பது எழுதிவைத்த அட்டவணை. வெட்டு ஏழில் ஒரு பங்கு குறைகிறது, ஆனால் பால் அந்த அளவுக்குக் குறையாது. ஒருநாள் கூடுதலாக ஓய்ந்த மரம் அடுத்த வெட்டில் சற்றுக் கூடுதலாகவே தரும். பட்டையும் மிஞ்சும். நல்ல கைப்பாங்கில் ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகிறது. 26 வெட்டு குறைந்தால் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் பட்டை மரத்திலேயே நிற்கும்.

நட்டம் உண்மையில் விழுவது வெட்டுக்காரர்மேல்தான். இதைக் கவனிக்காமல் ஞாயிறை நிறுத்துகிற முதலாளி தன் பக்தியின் செலவை அவர் தலையில் கட்டுகிறார். உதாரணத்துக்கு மரத்துக்கு ரூ. 2.40 என்றால் நாளைக்கு 720, ஏழு நாளைக்கு 5,040. அதை ஆறு நாளில் கொடுக்க நாளைக்கு 840, மரத்துக்கு ரூ. 2.80. உங்கள் பக்கத்துக் கூலி எதுவானாலும் ஏழால் பெருக்கி ஆறால் வகுத்தால் போதும். இதைச் செய்யாவிட்டால் அவர் ஞாயிறு வேறு விளைக்குப் போவார், ஓய்வு என்ற பேச்சுக்கே பொருள் இல்லாமல் போகும்.

பெரும்பாலும் தவறுவது மழைக்காலத்தில். ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் வாரம் முழுக்க மழை பெய்து ஞாயிறு மட்டும் வெயில் அடிக்கும். இன்று ஒருநாள் வெட்டிவிடலாமே என்று தோன்றும். அதற்கு மருந்து மழைக்காப்பு. மே கடைசிக்குள் பிளாஸ்டிக் பாவாடையும் தாரும் ஒட்டி முடித்துவிட்டால் இழக்கிற நாள் பாதியாவது திரும்பக் கிடைக்கும். ஆராதனை முடிந்து பத்தரைக்கு மேல் வெட்டலாமே என்று கேட்பவர்களும் உண்டு. வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய் மரத்துக்குள் அழுத்தம் இறங்கும், பால் சீக்கிரம் நின்றுவிடும். விட்ட நாளைப் பிடிக்க அடுத்தடுத்த நாள் ஒரே மரத்தை வெட்டுவது அதைவிடக் கேடு. பட்டை மரத்துப்போய் பால் அடியோடு நிற்கிற மரங்கள் பெருகும்.

ஆற்றூர் அன்பியம் எழுதியது:

கத்தோலிக்கர் பக்கமிருந்து ஜெப நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரப்பர் வீட்டில் காலை ஜெபத்தை முழுக் குடும்பத்துக்கும் வைத்தால் ஒரு வாரம்கூட நிலைக்காது. விடியுமுன் ஒருவர் விளைக்குப் போவார், பால் வந்து சேர்ந்து அதை உறைய வைக்க ஆசிட் ஊற்றும்வரை வீட்டில் யாருக்கும் கை ஒழியாது. காலையில் ஆளாளுக்கு ஒரு சிலுவை அடையாளமும் கர்த்தர் கற்பித்த ஜெபமும் போதும். சேர்ந்து ஜெபிப்பதை மாலை விளக்கு வைத்த உடனே, சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். சாப்பிட்ட பிறகு என்றால் பிள்ளைகள் தூங்கி விழும்.

ஐம்பத்து மூன்று மணி செபமாலைக்கு நிதானமாகச் சொன்னால் 20 நிமிஷம். செபமாலையில் தியானிக்கிற மறைபொருள் கிழமை வாரியாக: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்களை இரண்டாம் ஜான் பால் 2002இல் சேர்த்தார். சிஎஸ்ஐ வீடானால் ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், ஒரு அதிகாரம், ஒரு ஜெபம். நாலு சுவிசேஷத்துக்கும் சேர்த்து 89 அதிகாரம், நாளுக்கு ஒன்று வாசித்தால் மூன்று மாதத்தில் முடியும். பிறகு சங்கீதம். வாசிப்பதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், தப்பாக வாசித்தாலும் இடையில் திருத்த வேண்டாம்.

குடும்ப ஜெபம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: அப்பா ஜெபத்துக்குள்ளேயே பிள்ளைகளைத் திட்டுகிறார். "ஆண்டவரே, இவனுக்குப் படிக்கிற புத்தியைக் கொடும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னால், மறுநாள் அந்தப் பையன் ட்யூஷன் என்று சொல்லி வெளியே போய்விடுவான். கண்டிப்பதைத் தனியாகக் கண்டியுங்கள். ஜெபத்தில் பெயர் சொல்லி வேண்டுவது நோயாளிக்கும், கடன்பட்டவருக்கும், நம்மோடு பேச்சில்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருக்கட்டும். அந்தக் கடைசிப் பெயரைச் சொல்வதுதான் கடினம். மத்தேயு 5:23-24இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் சமாதானமாகு என்று இருக்கிறது. எல்லைக்கல் தகராறு இல்லாத விளை நம்முடைய பக்கத்தில் குறைவு. வாரக்கணக்கில் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கிற வீட்டில் அளவுகாரரைக் கூப்பிட்டு இரண்டு தரப்பும் சேர்ந்து நின்று அளந்து முடிப்பது சுலபமாகிறது. ஜெபித்த வாயால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொல்ல நாக்கு கூசும்.

ஞாயிறு காலை யாராவது வீட்டில் இருந்தே ஆக வேண்டுமென்றால், சனி மாலைத் திருப்பலியில் பங்கெடுத்தாலும் ஞாயிறு கடன் நிறைவேறும். மாடு, நோயாளி உள்ள வீடுகளுக்கு அது உதவும்.

கடையாலுமூடு சாட்சி எழுதியது:

பிரதர், கூலியைப் பற்றிப் பாறசாலை அண்ணன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஞாயிறைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புதிய ஏற்பாட்டில் நாளைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம் என்று கொலோசெயர் 2:16, ஒவ்வொருவனும் தன் மனதில் நிச்சயித்திருக்கட்டும் என்று ரோமர் 14:5. நூறு மரத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒற்றையாய் வெட்டி மகளைப் படிக்க வைக்கிற ஒரு விதவை ஞாயிறு வெட்டினால், அவரைப் பார்த்து மூன்று ஏக்கர்க்காரர் முகம் சுளிக்கக் கூடாது. உங்களுக்கு இது கைக்கொள்ள வேண்டியது, அவர்களை அளக்கிற கோல் ஆகக் கூடாது. மாடு கறப்பது, தீவனம் போடுவது, காற்றில் விழுந்த மரத்தை வழியிலிருந்து நீக்குவது எல்லாம் லூக்கா 14:5இல் கிணற்றில் விழுந்த எருதின் கணக்கில் சேரும்.

விசுவாசம் உலகத்தைப் பார்க்கிற பார்வையை மாற்றியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு இடம் உண்டு. புது மரம் வெட்டத் தொடங்கும்போது சபைக்குப் போகிற வீடுகளிலேயே பலர் ராகுகாலம் பார்க்கிறார்கள், அல்லது நல்ல கை உள்ளவர் முதல் வெட்டுப் போட வேண்டும் என்கிறார்கள். சிருஷ்டிகர் ஒருவர்தான் என்றால் எல்லா மணிக்கும் அவரே சொந்தக்காரர். பார்க்க வேண்டியது டேப்பை: ஒட்டுமரத்தில் ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர், அதுவும் விளையில் 70 சதவீத மரமாவது அந்த அளவுக்கு வந்திருக்க வேண்டும். நேரம் பார்த்து 42 சென்டிமீட்டர் மரத்தில் கத்தி வைப்பவருக்கு மரம் பருக்காது, பாலும் வராது. ஜெபித்துவிட்டு அளந்து பார்த்து வெட்டுங்கள்.

மார்த்தாண்டம் கணக்கு எழுதியது:

தசமபாகத்துக்கு வருகிறேன். சபையில் சிலர் மொத்தத்தில் என்பார்கள், சிலர் நிகரத்தில் என்பார்கள். சம்பளக்காரருக்கு மொத்தம் என்பது சரிவரும். விளைக்காரருக்கு விற்ற பணத்துக்குள் வெட்டுக்காரரின் பணமும் கிடக்கிறது. அதில் பத்தில் ஒன்று எடுத்தால் அவர் பணத்திலும் சேர்த்து எடுத்ததாகும். முதலில் கூலி, பிறகு காணிக்கை. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19:13. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4. ஷீட் விற்ற பிறகு தருகிறேன் என்று மூன்று வாரம் இழுத்துவிட்டு, ஞாயிறு கவர் போடுவதை நான் தசமபாகம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாறசாலை அண்ணன் சொன்ன கூலியையே வைத்து ஒரு மாதக் கணக்கு: ஷீட், ஒட்டுப்பால் (சிரட்டையிலும் வெட்டுச்சாலிலும் ஒட்டிக் காய்ந்த பால்) விற்றது 46,000. வெட்டு 26 நாளைக்கு 21,840. ஆசிட், மழைக்காப்பு, உரத்தில் அந்த மாதப் பங்கு 4,160. மீதம் 20,000. தசமபாகம் 2,000. வீட்டுச் செலவு, வண்டித் தவணை, சீட்டுப் பணம் இவற்றைக் கழிக்கக் கூடாது. அவை விளையின் செலவு அல்ல, நம்முடைய செலவு. இந்தக் கோட்டை நோட்டில் ஒருமுறை போட்டுவிட்டால் மாதாமாதம் மனசாட்சியோடு வழக்காட வேண்டியதில்லை.

விற்ற அன்றே எடுத்துத் தனியாக வையுங்கள். 1 கொரிந்தியர் 16:2இலும் வாரத்தின் முதல் நாளில் அவனவன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கவே சொல்கிறது. மாதக் கடைசிக்கு விட்டால் மிச்சம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது வெட்டு நிற்கும், வரவும் நிற்கும். அந்த மாதங்களில் கொடுக்க இல்லையென்று வெட்கப்பட வேண்டாம். மாதம் இவ்வளவு என்று உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு இந்த இரண்டு மாதத்தில் கடன் வாங்கிக் கட்டுவதுதான் தவறு. உபாகமம் 14:28-29இல் மூன்றாம் வருஷத் தசமபாகம் லேவியனோடு அந்நியன், அநாதை, விதவை எல்லாரும் சாப்பிடுவதற்கு. ஆகையால் ஒரு பங்கைத் தெருவில் உள்ள தேவைக்கென்று தனிக் கவரில் வைப்பதில் குறையில்லை. வயதான அப்பா அம்மாவின் மருந்தை நிறுத்தி ஆலயத்துக்குக் கொடுப்பதை மாற்கு 7இல் இயேசுவே கண்டித்திருக்கிறார்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஆலயத்தில் ஏலம் விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வாழைக்குலையும் ஒரு சேவலும் எத்தனை ஆயிரத்துக்கும் ஏறும். பெயர் கூப்பிடுகிற சூட்டில் ஏலம் எடுத்துவிட்டு ஒரு வருஷம் பாக்கி வைப்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு, சபைக் கணக்கில் அது வசூலாகாத வரவாகவே கிடக்கும். கையில் உள்ள நோட்டுக்கு மேல் கை தூக்காதீர்கள். பிரசங்கி 5:5 நேர்ந்துகொண்டு செலுத்தாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நல்லது என்கிறது.

தராசு: ஒட்டுப்பாலில் மரப்பட்டையும் மண்ணும் சேர்த்துச் சுருட்டினால் எடை கூடும். கடைக்காரருக்கு அது தெரியும், அதனால் எல்லாருடைய ஒட்டுப்பாலுக்கும் சேர்த்து விலை குறைத்துப் போடுவார். சுத்தமாகக் கொண்டு வருகிற ஏழையும் அதில் அடிபடுகிறார். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேன் நிறத்தில் ஊடுருவித் தெரிய வேண்டும். நடுவில் வெள்ளைத் திட்டு இருந்தால் உள்ளே ஈரம். அதைப் புகைக்கூட்டுக்கே திரும்பக் கொண்டுபோங்கள். நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைப் பற்றிச் சொல்வது விற்கிற நமக்கும் சேர்த்துத்தான்.

ஒட்டுப்பாலில் ஒரு பங்கை வெட்டுக்காரருக்கே விட்டுவிடலாம். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே என்று லேவியராகமம் 19:9-10 சொல்வதற்கு ரப்பர் விளையில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எந்தப் பங்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். உதாரணமாக, சிரட்டையில் ஒட்டியது உங்களுக்கு, வெட்டுச்சாலில் காய்ந்த இழை அவருக்கு. பேசாமல் விட்டால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் நல்ல வெட்டுக்காரர் போய்விடுவார்.

களியல்காரன் எழுதியது:

அக்காவுக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. சனிக்கிழமை எடுத்த பாலை உறைய வைத்தால் ஷீட் அடிப்பது ஞாயிறு காலையில்தான் வருகிறது. வெட்டுக்காரருக்கு ஓய்வு, என் மனைவிக்கு உருளையில் வேலை என்று ஆகிறதே?

பாறசாலை விளை எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. கட்டளையில் மகனும் மகளும்கூட எழுதப்பட்டிருக்க, வீட்டுப் பெண்களின் ஞாயிறை நாம் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை. சமையலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யாத்திராகமம் 16இல் ஆறாம் நாளில் இரண்டு பங்கு மன்னா சேர்த்து, வேவிப்பதையும் அன்றே வேவித்து வைத்தார்கள். அதேபோல் ஞாயிறின் ஓய்வுக்கான வேலை சனிக்கிழமை நடந்தாக வேண்டும்.

சனி வெட்டைச் சீக்கிரம் தொடங்கி பதினொன்றுக்குள் பால் வீடு வந்து சேரட்டும். வடிகட்டி, உலர் ரப்பர் (பாலில் நீர் போக மிஞ்சுகிற ரப்பர்) 12.5 சதவீதம் வரும்படி தண்ணீர் சேர்த்து, தட்டுக்கு 4 லிட்டர் ஊற்றுங்கள். அரைக் கிலோ ஷீட் வரும். அன்றே அடிப்பதற்கு ஃபார்மிக் ஆசிட் வழக்கத்தைவிடக் கூட வேண்டும். ஆசிட்டை எப்போதும் தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள், நேரே ஊற்றினால் ஓரிடத்தில் கட்டி பிடிக்கும். நுரையை முழுக்க வழித்து எடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழ் விழும். ஆசிட் அளவு கடந்தால் கட்டி இறுகி உருளையில் நழுவும், ஆகவே முதல் இரண்டு சனிக்கிழமை ஒரு தட்டில் மட்டும் அளவு பார்த்துவிட்டு மற்றதற்கு ஊற்றுங்கள். மாலை நாலு, ஐந்து மணிக்கு அடித்து, ஆசிட் போக நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் தொங்கவிட்டால் ஞாயிறு அதைத் தொட வேண்டியதில்லை.

திங்கள்வரை தட்டிலேயே விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே புளித்துக் குமிழ் விட்டு நாறும், தரம் இறங்கும். அது சரிப்படாதென்றால் சனிக்கிழமைப் பாலை மட்டும் பாலாகவே விற்றுவிடுங்கள். எடுக்க வருகிறவரிடம் மெட்ரோலாக் (பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டுகிற கருவி) பார்க்கும்போது பக்கத்தில் நின்று அளவை எழுதிக்கொள்ளுங்கள்.

புது முறையை இலையுதிர்வு முடிந்து வெட்டு மீண்டும் தொடங்குகிற வாரத்தில் ஆரம்பிப்பது நல்லது. அதற்கு முன் வெட்டுக்காரரை வீட்டுக்கு வரச்சொல்லி, உட்கார வைத்து, ஒரு நோட்டில் எழுதுங்கள்: வாரம் ஆறு நாள், மரத்துக்கு எவ்வளவு, கூலி எந்தக் கிழமை, ஒட்டுப்பால் யாருக்கு, ஓணத்துக்கும் சிவராத்திரிக்கும் அவர் கேட்கிற விடுப்பு எத்தனை. அவர் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும், ஒரு பிரதி அவரிடம் கொடுங்கள்.